நான்கு நிமிடம் பதினொரு வினாடி

முதல் பாகத்தை எல்லோரும் புகழ்வார்கள்.
புகழட்டும்.
எனக்கு என்றைக்கும் இரண்டாம் பாகம்தான்.
'காளவாய் இரண்டு.'
கனடாக்காரர்கள் எடுத்தது.
பாதியில் பணம் தீர்ந்து
பனிக்குப் பதிலாக உப்பைக் கொட்டி முடித்தது.
உற்றுப் பார்த்தால் தெரியும்,
கொட்டும் பனியில் ஓடுகிற ஒருவர் வாயிலிருந்தும்
ஆவி வராது.

எண்பத்தொன்பதில்
கொட்கா துறைமுகத்துக் கியோஸ்கில்
ஓர் இரவுக்குப் பத்து மார்க் வாடகை.
ஹெல்சின்கியில் யாரோ
காப்பிக் கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு
வெட்டி அனுப்பிய பிரதி.
சுண்ணாம்புக்காரன் நிலவறைக்குப் படியிறங்குவான்,
கீழே தபால்காரி நிற்பாள்,
படம் ஒரு துள்ளு துள்ளும்,
அடுத்த கணம் வெளியே பட்டப்பகல்.
போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றுவார்.

"அவளுக்கு என்னடா ஆச்சு?" என்பான் தைஸ்தோ.
எட்டாவது தடவை பார்க்கும்போதும் கேட்டான்.
எட்டாவது தடவையும் சிரித்தோம்.
தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்று
பத்திரிகையில் எழுதினார்கள்.
வால் எந்தக் குப்பைக்கூடையில் கிடந்தது என்று
ஒருவரும் எழுதவில்லை.

இப்போது வட்டு வந்திருக்கிறது. வெட்டுப்படாதது.
மேலட்டையில் மஞ்சள் எழுத்தில்
மீண்டு வந்த நேரத்தின் கணக்கு.
வாங்கியது நானில்லை, இர்யா.
தைஸ்தோவின் மனைவி;
முப்பத்தைந்து வருடமாக, மனைவியாக இருந்தவள்.
நவம்பர். மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
"அவன் பார்க்காததைப் பார்ப்போம்" என்றாள்.

படியிறங்குகிறான். துள்ளல் இல்லை.
ரத்தம் வருகிறது, லிங்கன்பெரி ஜாம் நிறத்தில்,
அடக்கமாட்டாமல் இருவரும் சிரிக்கத்தான் செய்தோம்.
ஆனால் தபால்காரி உடனே சாகவில்லை.
அவன் பெயரைக் கேட்கிறாள்.
முதல் பாகம் முழுக்க வாய் திறக்காதவன்
சொல்கிறான்.
"கண்ணில் சுண்ணாம்பு" என்று
சட்டைக் கையால் துடைத்துவிடுகிறாள்.
அவன் பக்கத்தில் உட்காருகிறான்.
முடியும்வரை உட்கார்ந்திருக்கிறான்.

கடைசிக் காட்சியில் அந்தக் கொலைகாரன்
எதற்காகத் தபால்பையைச் சுமந்து
வீடு வீடாக நடக்கிறான் என்பது
எனக்கு அறுபத்தெட்டு வயதில் விளங்கியது.
ரத்தமும் அதுவும்
ஒரே துண்டுப் படச்சுருளில் இருந்திருக்கின்றன.
கத்தரிக்கு என்ன தெரியும்.

இர்யா படத்தை நிறுத்தினாள்.
திரையில் சட்டைக் கை அந்தரத்தில்.

"ஏஸ்கோ, நீ அங்கே இருந்தாய்."

காகித ஆலை. மூன்றாம் எந்திரம். உருளைகள்.
அன்று இரவு இவள் வாசலில்
காலுறை நனைய நின்று நான் சொன்னது:
ஒரே நொடி, அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.
அவள் தலையசைத்தாள்.
அந்தத் தலையசைப்பை வைத்துக்கொண்டே
இத்தனை காலம் அவள் வீட்டில் காப்பி குடித்திருக்கிறேன்.

"எவ்வளவு நேரம்?"

வட்டின் உறையைத் திருப்பினேன். பின்பக்கம்
நடிகர் பெயரொன்று தப்பாக அச்சாகியிருந்தது.
"இருபது நிமிடம்" என்றேன்.
"பேசினானா?"
"பேசினான்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
என்னைப் பார்க்கவில்லை,
அந்தச் சட்டைக் கையைப் பார்த்தபடி இருந்தாள்.

"முதலில் கேசட்டைப் பற்றிச் சொன்னான்.
நாளைக்குள் திருப்பிக் கொடுத்துவிடு,
இல்லாவிட்டால் இன்னொரு பத்து மார்க் ஏறும் என்றான்."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.
சிரிப்பென்றுதான் நினைத்தேன்.
எழுந்துபோய் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தாள்.
கியோஸ்கின் ஸ்டிக்கர் மங்கி,
திருப்பிச் சுற்றப்படாமல்,
அங்கேதான் இருந்தது.

அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.
"பிறகு?" என்றாள்.